திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல்... சுத்தம் போதாததாலா?

மாலை நேர கிளினிக்கில் சில பெண்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். டோக்கன் மூன்றாவதாக இருக்கும். ஆனாலும், "நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, ஹாலில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கடைசியாக உள்ளே வருவார்கள்.

அப்படித்தான் வந்தார் அந்தப் பெண்மணி. வயது முப்பத்தெட்டு. பள்ளி ஆசிரியை. கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து என் மேஜை மேல் கவிழ்த்தார். பாதி பிதுக்கிய கிரீம் டியூப் இரண்டு, மாத்திரை அட்டைகள், வாசனை போட்ட ஒரு 'வாஷ்' பாட்டில், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு பொடி...

"நாலு வருஷமா இதேதான் டாக்டரம்மா. மருந்து போட்டா கொஞ்ச நாள் நல்லா இருக்கு. அப்புறம் பழையபடி வெள்ளைப்படுது, ஒரு மாதிரி வாடை வருது. ஆனா நான் ரொம்ப சுத்தமா இருக்கிறவ. தினமும் ரெண்டு வேளை ஆன்ட்டிசெப்டிக் ஊத்தி உள்ளே வரைக்கும் கழுவுறேன்..."

அவருடைய சுத்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்வதுபோல! இந்த வியாதியில் நம் பெண்களை அதிகம் வாட்டுவது அரிப்பும் வாடையும் அல்ல; 'நம்மைச் சுத்தமில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ' என்ற பயம்தான். அந்தப் பயத்தில் மேலும் மேலும் கழுவுகிறார்கள். கழுவக் கழுவ வியாதி நிலைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்ப வருகிற இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் சுத்தக்குறைவு காரணமே இல்லை. 'என்ன மருந்து?' என்று மட்டும் கேட்டுவிட்டு, 'ஏன் திரும்ப வருகிறது?' என்று கேட்காமல் விடுவதுதான் காரணம். இதில் நோயாளிக்கு மட்டுமல்ல, எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கும் பங்கு உண்டு.

எலும்பு உருகுவதில்லை!

வெள்ளைப்படுதல் என்பது ஒரு வியாதியின் பெயரே அல்ல. வயதுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு கசிவு உண்டு. மாதவிலக்குக்கு இரண்டு வாரம் முன்பு, கருமுட்டை வெளிப்படும் சமயத்தில், முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கர்ப்ப காலத்திலும் கூடும். அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, நிறமாற்றம் இல்லையென்றால் அது இயற்கை. 'எலும்பு உருகி வெள்ளையாப் போகுது', 'உடம்புச் சத்தெல்லாம் இறங்குது' என்று பாட்டி காலத்துப் பயத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். களைப்பாக இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பின் மேல் பழி போடாதீர்கள்.

பெண்ணுறுப்பின் உட்பாதையில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. 1892-ல் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விவரித்தார். லாக்டோபாசில்லஸ் என்று பெயர். நம் வீட்டுத் தயிரில் இருக்கும் கிருமிகளுக்கு நெருங்கிய சொந்தம். பாலைப் புளிக்க வைப்பதுபோலவே, இவை அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. பிள்ளைப்பேறு வயதில் அதன் அமில அளவு 3.8-லிருந்து 4.5 வரை இருக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் தலையெடுக்க முடியாது. இதுதான் இயற்கை போட்ட வேலி.

சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது. அதையோ ஆன்ட்டிசெப்டிக்கையோ உள்ளே கொண்டுபோனால் என்ன ஆகும்? திருடன் வருவானோ என்று பயந்து காவல்காரனை அடித்து விரட்டிய கதைதான்! உட்பாதை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவங்கள் எதுவும் தேவையில்லை.

ஒரே வெள்ளை... மூன்று வியாதி!

அடிக்கடி பார்க்கிற தொற்றுகள் மூன்று.

முதலாவது, நல்ல கிருமிகள் குறைந்து மற்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடுவது. நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளைக் கசிவு, மீன் வாடை, தாம்பத்யத்துக்குப் பிறகு வாடை கூடும். அரிப்பு அதிகம் இருக்காது. இரண்டாவது, கேண்டிடா என்ற பூஞ்சை. திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக வரும், வாடை இருக்காது, அரிப்பு உயிரை எடுக்கும். மூன்றாவது, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. மஞ்சள் பச்சையாக, நுரைத்து வரும். எரிச்சலும் வாடையும் இருக்கும்.

பூஞ்சைக்கான மருந்து பாக்டீரியாவைத் தொடாது. பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையை இன்னும் வளர்த்துவிடும். நாமோ என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்பில், அதுவும் பையன் இல்லாத நேரம் பார்த்து, "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்கிறோம். அவர்கள் கொடுப்பது பல சமயம் ஸ்டீராய்டு உட்பட மூன்று நான்கு மருந்து கலந்த டியூப். ஸ்டீராய்டு அரிப்பை அன்றைக்கே அமுக்கிவிடும். 'ஆஹா, நல்ல மருந்து' என்று தோன்றும். அடியில் பூஞ்சை சொகுசாக வளரும், தோல் மெலியும்.

'எனக்குத்தான் தெரியுமே, இது போன தடவை வந்ததேதான்' என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் தாங்களாகவே பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்களில் உண்மையில் பூஞ்சை மட்டும் இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களில் பலர் இல்லாத வியாதிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் ஒரு வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்துவிட்டால், இனி ஊகம் வேண்டாம். லேடி டாக்டரிடம் போய், கசிவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கல்ச்சர் செய்வார்கள். நான் சித்த மருத்துவம் படித்தவள். 'சோதனை எல்லாம் இங்கிலீஷ் வைத்தியம்' என்று சொல்பவர்களுக்கு எங்கள் எண்வகைத் தேர்வை நினைவூட்டுவேன். நாடி, நாக்கு, விழியோடு மலத்தையும் மூத்திரத்தையும் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொட வேண்டும் என்பது எங்கள் பாடம். பார்க்காமல் கொடுப்பது எந்த வைத்தியத்திலும் இல்லை.

நான் செய்த தவறு

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்லூரியை விட்டு வந்து தனியாகத் தொழில் தொடங்கிய சில வருடங்களில் ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தீராத அரிப்பு, திரிந்த பால்போல வெள்ளை. 'உடம்புச் சூடு' என்றார். நானும் ஆமாம் என்றேன். வெளியே கழுவ திரிபலா கஷாயம், உள்ளுக்கு ஒரு லேகியம். ஒரு மாதம் குறையும், மறு மாதம் வரும். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் கிளம்பும்போது, "ராத்திரி தூக்கமே இல்லைம்மா. நாலு தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கிறேன், தாகமா இருக்கு" என்றார் சாதாரணமாக. எனக்குச் சொரேர் என்றது. மறுநாள் ரத்தம் பார்த்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை முந்நூறுக்கு மேல்! மதுமேகத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள்தான் நான். அந்த அம்மாளுக்கு மூன்று மாதமாக நான் கொடுத்து வந்தது சர்க்கரைப் பாகில் கிண்டிய லேகியம்.

அவர் என்னைத் திட்டவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்த சில வாரங்களில் அரிப்பு நின்றது. ஆனால் அன்றிலிருந்து, திரும்பத் திரும்பத் தொற்று என்று யார் வந்தாலும் சர்க்கரை பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை. 'உடம்புச் சூடு' என்று நோயாளி சொன்னால், அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அழல் மிகுந்திருக்கிறது என்றால், ஏன் மிகுந்தது என்பதுதானே அடுத்த கேள்வி?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. அது தங்களுக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. சில பெண்களுக்கு அதன் முதல் எச்சரிக்கையே இந்த அரிப்புதான்.

இன்னொரு விஷயம். சர்க்கரைக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள்தான். ஆனால் சிலருக்கு அந்த இடத்தில் பூஞ்சை வளர வழி செய்துவிடும். இந்த மாத்திரை தொடங்கிய பிறகு அரிப்பு வந்ததா? நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர் ஆணாக இருந்தாலும் சொல்லுங்கள்!

சளி, காய்ச்சலுக்கு அடிக்கடி ஆன்ட்டிபயாட்டிக் விழுங்குவதும் ஒரு காரணம். தொண்டைக் கிருமியோடு சேர்த்துக் கீழே இருக்கும் நல்ல கிருமியையும் அது கொன்றுவிடும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஹார்மோன் குறைவதால் வறட்சியும் எரிச்சலும் வரும். அது பல சமயம் தொற்றே அல்ல; கிருமி மருந்து போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கணவர் எங்கே?

இனி, வீட்டில் பலருக்குப் பிடிக்காத பேச்சுக்கு வருகிறேன்.

அந்த ஆசிரியைக்குச் சோதனை செய்ததில், பூஞ்சை இல்லை. நல்ல கிருமிகள் குறைந்து வந்த பாக்டீரியாத் தொற்று. நான்கு வருடமாக அவர் அதிகம் போட்டது பூஞ்சைக் கிரீம்! உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொன்னேன். லேடி டாக்டரிடம் அனுப்பி, உரிய மருந்து கொடுக்கச் செய்தேன். "அடுத்த முறை உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "அவர் வரமாட்டாரும்மா. 'உன் வியாதிக்கு நான் எதுக்கு?'ன்னு கேட்பார்."

இரண்டு வாரம் கழித்து வந்தார் அந்த மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்..." என்றார். உண்மைதான். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதுதான் சிக்கலே.

டிரைக்கோமோனாஸ் என்றால் கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட வேண்டும், இருவருக்கும் குணமாகும்வரை சேரக்கூடாது என்பது பழைய விதி. ஆண்களுக்கு இது பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. மனைவிக்கு மட்டும் வைத்தியம் செய்தால், அவர் மறுபடி அவரிடமிருந்தே வாங்கிக்கொள்வார்.

பாக்டீரியாத் தொற்றுக்குக் கணவருக்கு மருந்து தேவையில்லை என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தோம். 2025-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு அதை மாற்றியிருக்கிறது. 164 ஜோடிகளில் ஒரு பாதியில் பெண்ணுக்கு மட்டும் மருந்து. மறு பாதியில் ஆணுக்கும் ஏழு நாள் மாத்திரையும் மேலே தடவும் கிரீமும். பன்னிரண்டு வாரத்துக்குள், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 63 பேருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் கொடுத்ததில் 35 பேருக்குத்தான். முழுத் தீர்வு இல்லை. ஆனால் எவ்வளவு பெரிய வித்தியாசம்! இத்தனை காலம் பெண்ணை மட்டுமே மருந்து சாப்பிட வைத்துவிட்டு, 'உனக்கு மட்டும் ஏன் போகவே மாட்டேங்குது?' என்று கேட்டிருக்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள். பூஞ்சைத் தொற்றில், கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை. அடுத்து, சோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம். டிரைக்கோமோனாஸ் மாதக்கணக்கில், சிலரிடம் அதற்கு மேலும், சத்தமில்லாமல் தங்கியிருக்கும். எப்போது வந்தது என்று ரிப்போர்ட் சொல்லாது. தேவை பஞ்சாயத்து அல்ல, இருவருக்கும் மருந்து.

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். பூஞ்சைத் தொற்று யாருக்கும் வரலாம். ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டால் வரலாம், சர்க்கரை இருந்தால் வரலாம். அதற்கும் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அம்மா சந்தேகப்படுவாளோ என்று பயந்தே பல பெண்கள் மாதக்கணக்கில் அரிப்போடு காலேஜ் போய் வருகிறார்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 'உள்ளே சோதிப்பார்களோ' என்ற பயமும் வேண்டாம். வெளியிலிருந்தே பார்த்து மருந்து கொடுக்க முடியும்.

சித்த மருந்தின் இடம் எது?

நோயின் பெயர் தெரிந்த பிறகு, நானும் மருந்து கொடுக்கிறேன். ஆளைப் பார்த்து, சர்க்கரையைப் பார்த்து, கர்ப்பமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன். வெளியே கழுவ ஆறிய திரிபலா கஷாயம் பலருக்கு இதமாக இருக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கு, கற்றாழை போன்றவற்றையும் உடல்வாகுக்குத் தக்கபடி பயன்படுத்துகிறேன். ஆனால் டிரைக்கோமோனாஸ் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், நவீன மருந்துக்கே அனுப்புகிறேன். மறுபடி மறுபடி வரும் பூஞ்சைக்கு வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதம் கொடுக்கும் முறை அவர்களிடம் இருக்கிறது. அதைத் தடுக்க மாட்டேன். நடுவில் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். இதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

படிகாரம், பூண்டு, தயிர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் உள்ளே வைக்காதீர்கள். யார் சொன்னாலும் சரி, என்னைப் போல ஒரு வைத்தியரே சொன்னாலும் சரி. தயிரைச் சாதத்தில் பிசைந்து சாப்பிடுங்கள். அதற்கான இடம் அதுதான்!

வீட்டில் கடைப்பிடிக்க

* கழுவுவது வெளியே மட்டும், தண்ணீரால் மட்டும். கழுவிய பின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள்.
* மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகவே கழுவுங்கள், துடையுங்கள்.
* பருத்தி உள்ளாடையே அணியுங்கள். வியர்த்து நனைந்தால் மாற்றுங்கள். இரவில் தளர்வான உடை நல்லது.
* நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். ரத்தப்போக்கு குறைவாக இருக்கிறது என்று நாள் முழுக்க வைத்திருக்காதீர்கள். வாசனை போட்ட நாப்கின் வேண்டாம்.
* டாக்டர் எழுதாமல் ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம்.
* கொடுத்த மருந்தை முழு நாளும் சாப்பிடுங்கள். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள்.
* திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை

அடிவயிற்று வலியோடு காய்ச்சல். கசிவில் ரத்தம் கலந்து வருவது. தாம்பத்யத்துக்குப் பின் ரத்தம். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தமோ துர்நாற்றமோ வருவது. கர்ப்ப காலத்தில் வாடையுள்ள கசிவு. இவற்றுக்குக் கை வைத்தியம் கூடவே கூடாது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரண்டாவது இடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. 'வழக்கமா வர்ற வெள்ளைதானே' என்று தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டியவர்கள், தொந்தரவு இல்லாவிட்டாலும், கருப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்குச் செலவில்லை.

அந்த ஆசிரியை ஆறு மாதம் கழித்து வந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை வந்ததாகச் சொன்னார். அந்தத் தடவை கடைக்குப் போகாமல், இருவருமாக நேரே டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அன்று அவர் டோக்கன் நம்பர் ஐந்து. ஐந்தாவதாகவே உள்ளே வந்தார்.

நம் வீடுகளில் மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். ஆண்களின் பனியனும் ஜட்டியும் வெயிலில் ஜம்மென்று ஆடும். பெண்களின் உள்ளாடை மட்டும் துண்டுக்கு அடியில், பாவாடைக்குள்ளே, வெயில் படாமல் ஈரமாகவே கிடக்கும். வியாதியையும் நாம் அப்படித்தான் மூடி வைக்கிறோம். இரண்டையும் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், சகோதரிகளே! அதற்கு வெட்கப்பட ஒன்றுமே இல்லை.